ஆயிரத்து நானூற்றுப் பதினைந்தாவது பெட்டி

காலை 9.10.

"போச்சு! எல்லாம் போச்சு!"

பல் செட் லேபின் முதலாளி கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினான். அப்போது லேபில் இருந்தவர்கள் மூன்று பேர். கணினியில் பல் வரையும் டிசைனர் பெண். வாசல் மேஜையில் டாக்டர்களின் ஆர்டர்களைக் குறித்துக்கொள்ளும் முதலாளியின் மனைவி. செய்து முடித்த பல் செட்டுகளை மோட்டாரில் தேய்த்துப் பளபளப்பாக்கும் ஒரு ஆள். அந்த ஆளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு, பதினோரு வருடமாக அங்கே அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவன் பாலிஷ்.

மனைவி பதறிப்போய் எழுந்தாள். யாருக்கோ நெஞ்சுவலி, எங்கேயோ தீ என்றுதான் முதலில் நினைத்தாள். விசாரித்தால், ஆன்லைன் விளையாட்டு ஒன்றில் இவனுடைய ஐடி திருடு போயிருந்தது. நாற்பத்திரண்டு வயது மனிதன், காதோரம் நரைத்துவிட்டது, பொம்மைக் கோட்டை ஒன்றைக் காணவில்லை என்று கண் கலங்கி நிற்கிறான்.

அந்த ஐடி பாலிஷ் வருடக்கணக்காக ஆடி வளர்த்தது. திங்கட்கிழமைதான் கை மாறியது. விலையாக முதலாளி கொடுத்தது பீங்கான் பல் சுடும் பழைய அடுப்பு. லேபுக்குப் புது அடுப்பு வந்த பிறகு பழையது மூலையில் சும்மா கிடந்தது. பாலிஷ் தன் வீட்டு முன்னறையில் சொந்தமாக ஒரு சின்ன லேப் போடப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அடுப்பு வேண்டும், இவனுக்குக் கோட்டை வேண்டும். இரண்டு பேரும் கை குலுக்கினார்கள்.

"வித்துட்டு, பின்வாசல் வழியா நீயே திருப்பி எடுத்துக்கிட்டே! எல்லா திருட்டுப் பசங்களும் பண்றதுதானே இது?" முதலாளி பாலிஷின் கைபேசியைப் பிடுங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டினான். "சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஐடி வரணும். வரலன்னா வண்டி அனுப்பி அடுப்பத் தூக்கிடுவேன். நம்ம டாக்டர்ஸ் குரூப்ல நீ யாருன்னு போட்டுடுவேன். இதோ, டைப் பண்ணியே வெச்சிருக்கேன், பாரு."

பாலிஷ் பார்த்தான். பதினேழு டாக்டர்கள் இருக்கும் குழு அது. அந்தச் செய்தி அங்கே போனால், அதன் பிறகு எந்த டாக்டரும் அவனை நம்பி ஒரு பல்கூடக் கொடுக்க மாட்டார். அடுப்பும் இல்லை, தொழிலும் இல்லை.

"நான் எடுக்கல சார்" என்று மட்டும் சொன்னான்.

முதலாளியின் மனைவி வெளியே போய்த் தன் அக்காவுக்குப் போன் செய்தாள்.

காலை 10.05.

அக்கா ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சர்வேயர். தீப்பிடித்த கடைகளையும் குடோன்களையும் போய்ப் பார்த்து, தானாகப் பிடித்ததா, வைத்ததா என்று எழுதிக் கொடுப்பது வேலை. பத்தொன்பது வருடமாக அடுத்தவர்களின் சாம்பலில் நடந்ததில் மனிதர்களைப் பற்றி அவளுக்கு ஒரு அபிப்பிராயம் உருவாகியிருந்தது. அது நல்ல அபிப்பிராயம் அல்ல.

"யாரு செத்தா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள்.

"யாரும் சாகலக்கா."

"அப்புறம் எதுக்கு எல்லாரும் இப்படி மூஞ்சிய வெச்சிருக்கீங்க?"

தங்கை சொல்லச் சொல்ல, சர்வேயரின் உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டே போனது. முழுவதையும் கேட்டு முடித்து, "விளையாட்டு ஐடி" என்றாள். திரும்பிப் போயிருப்பாள். ஆனால் மோட்டார் பக்கத்தில் நின்ற ஆள் அவள் கண்ணில் பட்டான். யாரோ ஒருவரின் மேல்வரிசைப் பற்களைக் கையில் வைத்துக்கொண்டு, தேய்க்கவும் தெரியாமல், கீழே வைக்கவும் தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். அவள் பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள்.

"மாப்பிள்ளை, எப்ப தெரிஞ்சுது?"

"காலைல ஒன்பது பத்துக்கு."

"கடைசியா எப்ப உள்ள போனீங்க?"

"நேத்து மதியம். சாப்பிட்டதும் அஞ்சு நிமிஷம்."

"இப்ப போய்க் காட்டுங்க."

அவன் தட்டினான். திரையில் சிவப்பு எழுத்து வந்தது: கடவுச்சொல் தவறு. அதை நான்கு பேருக்கும் ஒவ்வொருவராகக் காட்டினான்.

"பழைய ஐடி வாங்குறதுல ஆயிரம் பித்தலாட்டம்னு சொல்றாங்களே. ஒண்ணும் பாக்காமலா வாங்கினீங்க?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் மாதிரி முதலாளி ஒரு ஃபைலை எடுத்து வைத்தான். அதில் எல்லாம் இருந்தது. ஐடி தொடங்கிய பழைய மெயிலையே கைமாற்றி, அதன் கடவுச்சொல்லையும் மாற்றியதற்கு ஒரு தாள். பாலிஷின் போன் நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டதற்கு ஒரு தாள். வேறு எந்தக் கருவியிலும் ஐடி திறந்திருக்கவில்லை என்பதற்கு ஒரு படம். விளையாட்டில் முதன்முதலாக வாங்கிய பொருளின் ரசீது. ஒப்படைத்ததைப் பத்தொன்பது நிமிடம் எடுத்த வீடியோ. இரண்டு பேரும் கையெழுத்திட்ட பட்டியல். ஒவ்வொன்றும் தனித்தனிக் கண்ணாடி உறையில்.

சர்வேயர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். பிறகு தலையைத் தூக்கி லேபை ஒரு சுற்றுப் பார்த்தாள். டாக்டர்களின் ஆர்டர் சீட்டுகள் மெழுகு ஒட்டி, ஒன்றோடொன்று பிணைந்து கிடந்தன. போன மாதம் இந்த லேபிலிருந்து இரண்டு பல் செட்டுகள் இடம் மாறிப் போய், முன்பின் அறியாத இரண்டு பெரியவர்கள் ஒருவர் பல்லை மற்றவர் போட்டுப் பார்த்ததைத் தங்கை சொல்லியிருந்தாள்.

"இவ்வளவு பாத்து வாங்கியும் ஏமாத்திட்டான் பாருங்கக்கா" என்றான் முதலாளி.

"ஆமா. ரொம்ப ஒழுங்கா இருக்கு" என்றாள் அவள். பாராட்டு என்று நினைத்து அவன் தலையாட்டினான்.

காலை 10.30.

ஒரு இடத்துக்குப் போனால் மூலை முடுக்கெல்லாம் பார்க்காமல் உட்கார அவளுக்கு வராது. லேபின் பின்பக்கம் ஒரு சின்ன நடைவழி இருந்தது. ஒரு பக்கம் கழிவறை, எதிரே கம்ப்ரஸர் அறை. அந்த அறையில் காற்று இயந்திரமும், பல் அச்சு எடுக்கும் பிளாஸ்டர் மாவு டிரம் இரண்டும் இருந்தன. சுவரில் ஒரு சார்ஜர் மாட்டியிருந்தது. சுவிட்ச் போட்டபடி இருந்தது. ஒயரின் நுனியில் ஒன்றும் இல்லை.

"இது யாரோடது?"

"யாராச்சும் மறந்திருப்பாங்க" என்றான் முதலாளி வாசற்படியிலிருந்தே. அவன் உள்ளே வரவில்லை. வெள்ளைச் சட்டைக்காரன், பிளாஸ்டர் பக்கமே போக மாட்டான். மாவு குழைத்துக் கை வெளுப்பது மற்றவர்களின் வேலை.

"கரண்ட் சும்மா வருதா?" என்று அவள் சுவிட்சை அணைத்தாள். பிறகு பாலிஷை மட்டும் நடைவழிக்குக் கூப்பிட்டு, மற்றவர்களை முன்னறைக்கு அனுப்பினாள்.

"ஏன் வித்தே?"

"அடுப்பு வேணும் மேடம். ரெண்டு டாக்டருங்க வேலை தர்றேன்னு சொல்லியிருக்காங்க. இங்க வர்றவங்கதான்."

"அது உன் முதலாளிக்குத் தெரியுமா?"

"புதன்கிழமை தெரிஞ்சுது. ரெண்டு நாளா என்கிட்ட பேசல."

"ஐடிய நீ திரும்ப எடுத்தியா?"

"இல்ல."

"எடுக்கணும்னா முடியுமா?"

பாலிஷ் கொஞ்சம் யோசித்தான். "முடியும் மேடம். அந்த முதல் ரசீத வெச்சு, திருடு போச்சுன்னு கம்பெனிக்கு எழுதினா குடுத்துடுவாங்க."

"ரசீதுதான் ஃபைல்ல இருக்கே. நகல் இருக்கா?"

"...இருக்கு."

பொய் சொல்லத் தெரியாதவனைக் கண்டால் அவளுக்கு எரிச்சல்தான் வரும். இப்படிப்பட்டவர்கள்தான் அடுத்தவன் வைத்த தீயில் மாட்டிக்கொள்கிறார்கள்.

"யாரு எடுத்ததுன்னு கம்பெனிகிட்ட கேட்டா சொல்வாங்களா?"

"பதில் வர மூணு நாள் ஆகும் மேடம். சார் அஞ்சு மணின்னு சொல்லியிருக்காரு."

"அந்த ஐடில அப்படி என்ன பொக்கிஷம் இருக்கு?"

அவன் சொன்னான். விளையாட்டில் தினமும் ஒரு பெட்டி வரும். ஒருநாள்கூட விடாமல் திறக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் வரிசை அறுந்துவிடும், மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். ஆயிரத்து ஐநூறு நாள் விடாமல் திறந்தவனுக்கு வெள்ளிச் சிங்கம் கிடைக்கும். அதை எதைக் கொடுத்தும் வாங்க முடியாது. விளையாட்டுக் கம்பெனி எங்கேயோ தூரதேசத்தில் இருப்பதால் அவர்களுடைய நாள் இங்கே மாலை நான்கு மணிக்கு முடிகிறது.

"காய்ச்சல்ல படுத்தப்பகூட நான் விட்டதில்ல மேடம். திங்கட்கிழமை குடுக்கும்போது ஆயிரத்து நானூத்தி பதினொண்ணு. சார் கேட்டதே அந்தச் சிங்கத்துக்காகத்தான்."

"பெட்டி திறந்தாச்சா இல்லையான்னு வெளியே இருந்து தெரியுமா?"

"தெரியும். யார் வேணும்னாலும் பேர் போட்டுத் தேடலாம்."

அவளுடைய கைபேசியை வாங்கித் தேடி எடுத்துக் கொடுத்தான். அதே பெயர், அதே கறுப்புக் கொடி, கோட்டையில் ஒரு கல்கூட அசையவில்லை. கீழே எண்: 1,414.

"நேத்து வரைக்கும் திறந்திருக்காங்க" என்றான். "இன்னிக்கு இன்னும் திறக்கல. நாலு மணிக்குள்ள யாராச்சும் திறக்கலன்னா..." வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்கிற குரலில் நிறுத்திக்கொண்டான். விற்றுவிட்ட பொருளுக்காக, தன்னைத் திருடன் என்றவனுக்காக, இந்தப் பைத்தியக்காரன் கவலைப்பட்டான்.

"இத நீ என்கிட்ட காட்டினது நமக்குள்ள இருக்கட்டும்" என்றாள் அவள்.

காலை 11.00.

பிளாஸ்டர் குழைக்கும் ரப்பர் கிண்ணம் ஒன்றை மேஜை நடுவில் வைத்தாள். "எல்லாரோட போனும் இதுல."

டிசைனர் முணுமுணுத்துக்கொண்டே போட்டாள். தங்கை போட்டாள். இழுப்பறையிலிருந்து பாலிஷுடையது வந்தது. முதலாளி தன்னுடையதைத் தயக்கமே இல்லாமல், கொஞ்சம் பெருமையோடுகூட, வைத்தான்.

"அஞ்சு மணி வரைக்கும் யாரும் வெளியே போகக் கூடாது. வேலையப் பாருங்க. பல்லில்லாம எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்களோ."

டிசைனர் கணினியிலும் யாரும் விளையாட முடியாது. அது பல் வரையும் இயந்திரம், இணையம் கிடையாது. அதையும் அவள் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கிண்ணத்தைத் தங்கையின் பொறுப்பில் விட்டுவிட்டு, தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் நடைவழியில் போட்டாள். "இங்கதான் காத்து வருது" என்றாள். அங்கே ஒரு காற்றும் வரவில்லை. நாற்காலியின் முதுகு கம்ப்ரஸர் அறைக் கதவில் முட்டிக்கொண்டிருந்தது.

மதியம் 1.50. டிசைனர் கழிவறைக்குப் போய் இரண்டு நிமிடத்தில் திரும்பினாள். சர்வேயர் நோட்டில் நேரத்தை எழுதிக்கொண்டு, தன் கைபேசியை ஒருமுறை பார்த்தாள்.

மதியம் 2.20. முதலாளி வந்தான். நாற்காலியைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், கழிவறைக்குள் போய்க் கையைக் கழுவிக்கொண்டு திரும்பினான். அவள் மறுபடி கைபேசியைப் பார்த்தாள்.

2.50. மறுபடி வந்தான். "அக்கா, முன்னால ஃபேன் இருக்கு, அங்க வந்து உக்காரலாமே?"

"பரவாயில்ல மாப்பிள்ளை."

3.15. மறுபடி வந்தான். கம்ப்ரஸரில் காற்று குறைகிறது போலிருக்கிறது என்றான். பாலிஷின் மோட்டார் பக்கத்தில் காற்றுக்குழாய் நன்றாகவே சீறிக்கொண்டிருந்தது. "நல்லாத்தானே ஓடுது" என்றாள் அவள். அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். வயிறு சரியில்லை என்றான்.

3.33. சர்வேயர் கைபேசியைப் பார்த்தாள். 1,414. கொட்டாவி விட்டபடி எழுந்தாள்.

"ஒரு டீ கிடைக்குமா இந்த லேப் லட்சணத்துக்கு?"

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்து, ஜன்னலோரம் போட்டு, நடைவழிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஜன்னல் கண்ணாடியில் நடைவழி தெரிந்தது. தங்கை ஃபிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினாள்.

3.38. முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனான்.

3.46. சட்டைக் கையை உதறிக்கொண்டே வந்து உட்கார்ந்தான். முகம் தெளிந்திருந்தது. டீ கூடக் கேட்டான்.

3.48.

சர்வேயர் கடைசி மடக்கைக் குடித்துவிட்டுக் கைபேசியைப் பார்த்தாள். பிறகு அதை எல்லோருக்கும் தெரியும்படி மேஜையில் வைத்தாள்.

"பதினஞ்சு நிமிஷம் முன்னாடி இதுல ஆயிரத்து நானூத்தி பதினாலுன்னு இருந்துச்சு. இப்ப பதினஞ்சு. ஐடிய வெச்சிருக்கிறவங்க இப்பதான் பெட்டியத் திறந்திருக்காங்க. பாலிஷ் மோட்டார விட்டு நகரல. டிசைனர் நாற்காலிய விட்டு எந்திரிக்கல. என் தங்கச்சி எனக்கு டீ ஊத்தினா."

"வெளியே இவனுக்குக் கூட்டாளி இருப்பான்!" என்றான் முதலாளி.

"இருக்கலாம். உங்க சட்டைக் கை ஏன் வெள்ளையா இருக்கு மாப்பிள்ளை?"

வெள்ளைச் சட்டைதான். ஆனால் முழங்கை வரை அப்பியிருந்தது வேறு வெள்ளை. அந்த லேபில் எல்லோர் கையும் எப்போதும் வெளுத்திருப்பதால் யாருமே அதைக் கவனிக்கவில்லை. ஒரு நாளும் வெளுக்காத கை அந்த ஒன்றுதான்.

"பாலிஷ், பின்னால ரெண்டு டிரம் இருக்கு. முழங்கை வரைக்கும் கைய விட்டுப் பாரு."

பாலிஷ் போனான். இரண்டாவது டிரம்மில் கிடைத்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு பழைய கைபேசி. இன்னும் சூடாக இருந்தது. கறுப்புக் கொடி பறக்கும் கோட்டை திரையில் திறந்திருந்தது.

"ரெண்டு வருஷம் முன்னாடி தொலைஞ்சு போச்சுன்னு சொன்ன போன்" என்றாள் தங்கை மெதுவாக.

சர்வேயர் நோட்டை மூடினாள்.

"எனக்கு ஃபைலப் பாத்ததுமே தெரியும். உண்மையிலேயே கடை எரிஞ்சவன்கிட்ட ஒரு பில்லும் முழுசா இருக்காது. வெச்சவன்கிட்டதான் எல்லாம் கண்ணாடி உறைல இருக்கும். ஒருத்தன் பல்ல இன்னொருத்தன் வாய்க்கு அனுப்புற ஆளு, ஒரு பொம்மைக் கோட்டைக்குப் பத்தொன்பது நிமிஷம் வீடியோவா? நல்லாதான் வாங்கினீங்க. அவ்வளவு பத்திரமா வாங்கினத யாரும் எடுக்கல. புதன்கிழமை ரெண்டு டாக்டர் கை மாறப் போறது தெரிஞ்சுது. அடுப்பத் திருப்பிப் பிடுங்கணும், இவன் பேரக் கெடுக்கணும், கோட்டையும் கையில இருக்கணும். தப்பான பாஸ்வேர்டத் தட்டினா சிவப்பு எழுத்து வரத்தானே செய்யும்? அதுக்கு நாலு சாட்சி வேற. திருடின பொருள எவனாவது கொடி கூட மாத்தாம அப்படியே வெச்சிருப்பானா? எடுத்த அன்னிக்கே வித்திருப்பான்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பத்தொன்பது வருடத்தில் பஞ்சு குடோனைக் கொளுத்தியவர்களையும், தன் வீட்டையே கொளுத்தியவர்களையும் பார்த்திருக்கிறாள். அவர்களிடம் குறைந்தபட்சம் ஒரு பதற்றமாவது இருந்தது.

"இன்னும் இருபது நிமிஷம் சும்மா உக்காந்திருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்க மாப்பிள்ளை. என்கிட்ட ஒரு சாட்சியும் இல்ல. ஒரு பெட்டி. அத விட முடியல உங்களால."

"ஆயிரத்து நானூறு நாள், அக்கா" என்றான் அவன். "எண்பத்தஞ்சு நாள்தான் பாக்கி."

அதுதான் அவன் தரப்பு நியாயம்.

3.53.

தங்கை கையை நீட்டினாள். பாலிஷ் அந்தப் பழைய கைபேசியை அவளிடம் கொடுத்தான்.

"இத ஒரேயடியா அழிக்க எத அழுத்தணும்?"

பாலிஷ் தயங்கினான். பிறகு காட்டினான். அழிக்கவா, ஆம், இல்லை என்று கேட்டது திரை. அவள் கட்டைவிரலை 'ஆம்' மேல் படாமல் பிடித்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"உங்க போன எடுத்துக்கோங்க. டாக்டர்ஸ் குரூப்ல எழுதுங்க. நீங்களே ஒளிச்சு வெச்சு இவரு மேல பழி போட்டீங்கன்னு, ஒண்ணு விடாம எழுதுங்க. இவரு சொந்தமா லேப் போடுறாருன்னும் எழுதுங்க. எழுதலன்னா இத அழிச்சிடுவேன்."

பாலிஷ் வாய் திறந்தான். "மேடம், சாருக்குத் தொழில் போயிடும். அழிச்சிடுங்க, பரவாயில்ல. நான் ஆடினதுதானே."

அவள் காத்திருந்தாள். புருஷன் 'அழித்துத் தொலை' என்று கத்தியிருந்தால்கூட அவளுக்குப் போதும். தப்பு செய்துவிட்டேன் என்று முனகியிருந்தால் இன்னும் நல்லது. பன்னிரண்டு வருடமாகச் சேர்ந்து நடத்திய லேப் அது.

அவன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ரப்பர் கிண்ணத்திலிருந்து கைபேசியை எடுத்தான். காலையில் தயாராக வைத்திருந்த செய்தியை அழித்துவிட்டு, புதிதாகத் தட்ட ஆரம்பித்தான். வேகமாகத் தட்டினான், நேரம் பார்த்துப் பார்த்துத் தட்டினான். முடித்து அவளிடம் காட்டினான். அவள் படித்தாள். ஒன்றும் விட்டுப்போகவில்லை. அனுப்பினான்.

பதினேழு பேரில் முதல் டாக்டரின் பதில் 3.59க்கு வந்தது. பாலிஷோட நம்பர் அனுப்புங்க என்று கேட்டிருந்தார்.

தங்கை பழைய கைபேசியை மேஜையில் வைத்தாள். வாசல் மேஜைக்குப் போய்த் தன் பையையும் சாவிக்கொத்தையும் எடுத்துக்கொண்டாள். சர்வேயரும் எழுந்தாள். பாலிஷ் அந்த மேல்வரிசைப் பற்களை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தான். அது நாளைக் காலைக்குள் யாருக்கோ போக வேண்டியது.

அக்காவும் தங்கையும் வாசலில் செருப்பு மாட்டும்போது மணி நான்கு அடித்தது. உள்ளே முதலாளி பழைய கைபேசியின் மீதிருந்த மாவை ஊதிவிட்டு, ஆயிரத்து நானூற்றுப் பதினாறாவது பெட்டியைத் திறந்தான்.